வில்லனுக்கு வியாதி எதற்கு, காரணம் இருந்தால் போதாதா?

சூப்பர் ஹீரோ படம் பார்க்கப் போனால் என் கண் வில்லன் மேல்தான் இருக்கும். மனநல மருத்துவராக இருப்பதால் வந்த தொழில் புத்தி என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள், இருக்கட்டும். படம் முடிந்து வெளியே வரும்போது நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்த ஆள் ஏன் இப்படி ஆனான் என்று கதை எழுதியவர் உட்கார்ந்து யோசித்தாரா, இல்லை ‘இவனுக்கு மூளை சரியில்லை’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாரா? யோசித்து எழுதிய வில்லன் பல வருடம் மனதில் நிற்கிறான். மற்றவன் இரண்டு மணி நேரத்தில் செத்துப்போகிறான், ஆனால் அவன் கிளப்பிவிட்ட பயம் என் கிளினிக் வாசல் வரை வருகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நல்ல வில்லன்கள். ‘பிளாக் பாந்தர்’ (2018) படத்தின் கில்மாங்கர். 1992, அமெரிக்காவின் ஓக்லாந்து நகரம். சின்னப் பையன் கீழே தெருவில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறான், மேலே வீட்டுக்குள் அவன் அப்பாவை வக்காண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் ராஜாவே, அதாவது கூடப் பிறந்தவரே, கொன்றுவிடுகிறார். பையனை அங்கேயே விட்டுவிட்டு ராஜாவின் விமானம் கிளம்பிப் போய்விடுகிறது. அவன் வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, ஒரு நாள் வக்காண்டாவின் சபைக்கே வந்து நின்று கேட்கிறான்: உலகம் முழுக்க நம்மைப் போன்ற கறுப்பின மக்கள் அடிபட்டுக் கிடந்தபோது இவ்வளவு பணமும் ஆயுதமும் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சபையில் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. அவன் சொல்கிற வழி, ஆயுதத்தை அனுப்பி எல்லாரையும் கொன்று தள்ளுவது, படுமோசம்தான். ஆனாலும் அவன் செத்த பிறகு ஹீரோ அதே ஓக்லாந்துக்குப் போய், அந்தக் கட்டிடத்திலேயே உதவி மையம் திறக்கிறான். வில்லன் போன பிறகும் அவன் கேட்ட கேள்விக்கு ஹீரோ பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், என் கணக்கில் நல்ல வில்லனுக்கு அடையாளம் அதுதான். இவனுக்கு என்ன நோய் என்று யாராவது கேட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. இழப்பு இருக்கிறது, கைவிடப்பட்ட கோபம் இருக்கிறது, அவ்வளவுதான்.

‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ (2016) படத்தின் ஜீமோவிடம் எந்தச் சக்தியும் கிடையாது. அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ கூட்டம் போட்ட சண்டையில் அவன் நாட்டில் அவனுடைய அப்பா, மனைவி, மகன் மூவரும் செத்துப்போனார்கள். மனைவி விட்டுப்போன குரல் பதிவைப் போனில் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அந்தக் காட்சியை எழுதியவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் இறந்துபோன மகனின் கடைசி வாட்ஸ்அப் குரலுக்காகவே பழைய போனை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. பேட்டரி உப்பி மூடி திறந்துகொண்ட நிலையிலும் சார்ஜ் போட்டுப் போட்டு வைத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒலியை வேறு போனுக்கு மாற்றிக் கொடுத்ததுதான் அன்றைக்கு நான் பார்த்த முதல் வைத்தியம். துக்கம் தன்னளவில் நோய் கிடையாது. ஜீமோ அதைப் பழிவாங்கலாக மாற்றிக்கொள்கிறான். அந்த ஹீரோக்களில் ஒருவரின் பெற்றோர் கொல்லப்பட்ட 1991-ஆம் ஆண்டின் பழைய வீடியோவை அவன் போட்டுக் காட்டியதும் நண்பர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், பெரிய பெரிய வேற்றுக்கிரகப் படைகளால் முடியாத காரியம் அது.

‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ (2017) படத்தின் வல்ச்சர் இன்னும் சாதாரண ஆள். நியூயார்க்கில் வேற்றுக்கிரகப் படையோடு அவெஞ்சர்ஸ் போட்ட சண்டைக்குப் பிறகு இடிபாடுகளை அள்ள நகராட்சியிடம் ஒப்பந்தம் எடுத்து, அதை நம்பி லாரி வாங்கி, ஆள் சேர்த்து வைத்தவரை, மேலிடத்திலிருந்து வந்தவர்கள் ஒரே நாளில் வெளியே போ என்கிறார்கள். பிறகு வரும் கார் காட்சியைப் பாருங்கள். மகளையும் அவள் தோழனையும் பள்ளி நடன விழாவுக்குக் கொண்டுபோய் விடுகிற அப்பா, பின்சீட்டில் இருக்கும் பையனைக் கண்ணாடியில் பார்த்தபடி சும்மா பேச்சுக் கொடுக்கிறார். சிக்னலில் வண்டி நிற்கிறது. சிவப்பு பச்சையாகும் நேரத்தில் இவன்தான் ஸ்பைடர்மேன் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. அடிதடி கிடையாது, ஒரு அப்பாவின் முகம் மட்டும்தான், எனக்கு அந்தப் படத்திலேயே பயமான இடம் அதுதான்.

மேக்னெட்டோ 1963-இல் எக்ஸ்-மென் காமிக்ஸில் முதலில் வந்தபோது வெறும் கெட்டவன். நாஜி வதைமுகாமில் குடும்பத்தை இழந்த பிள்ளை என்ற பழைய கதை 1981 வாக்கில்தான் அவனுக்கு வந்து சேர்ந்தது, ஆள் நிமிர்ந்து நின்றதும் அதற்குப் பிறகுதான். 2000-இல் வந்த படம் 1944-ஆம் ஆண்டு போலந்தில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தப் பையன் கையை நீட்ட, இரும்புக் கதவு வளைவதிலிருந்துதான் தொடங்குகிறது. வளம் எல்லாருக்கும் போதாது என்று சொல்லிக் கொல்லக் கிளம்பும் அவெஞ்சர்ஸ் பட வில்லன் தானோஸைப் பலர் இந்த வரிசையில் வைப்பார்கள், நான் வைக்க மாட்டேன். உயிர்களில் பாதியை அழிக்கிற சக்தி இருந்தால் சாப்பாட்டை இரண்டு மடங்காக்கிவிட்டுப் போகலாமே ஐயா!

சரி, பேட்மேனின் எதிரி ஜோக்கருக்கு வருவோம். 2008-இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கர், தன் வாயோரத் தழும்பு எப்படி வந்தது என்று இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்வான். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் மனைவி. இரண்டில் எது நிஜம் என்று படம் சொல்லவே சொல்லாது. அவனுக்கு மருத்துவமனைக் கோப்பு கிடையாது, நோயின் பெயர் கிடையாது. அவனிடம் இருப்பது ஒரு வாதம்: கொஞ்சம் நெருக்கினால் எல்லாரும் என்னைப் போலத்தான் என்பது. அதை நிரூபிக்கத்தான் இரண்டு படகில் ஆட்களை ஏற்றி, ஒரு படகின் வெடியை இயக்கும் கருவியை இன்னொரு படகில் வைக்கிறான். இவ்வளவு அழகாக எழுதிய அதே படத்தில் ஒரு இடம் என்னை உறுத்தும். ஜோக்கரின் அடியாள் ஒருவனைப் பிடித்து விசாரிக்கும்போது, இவன் பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா (வீண் சந்தேகமும் இல்லாத குரல்களும் வாட்டும் மனநோய்) நோயாளி, ஆர்க்கம் மருத்துவமனையில் இருந்தவன், ஜோக்கர் ஈர்ப்பது இந்த மாதிரி ஆட்களைத்தான் என்கிறார் பேட்மேன். தலைவனுக்கு நோய் இல்லாமல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அடியாளுக்கு மட்டும் நோய் தேவைப்பட்டிருக்கிறது. வசனம் நான்கு நொடி. தியேட்டரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர் கவனித்திருப்பார்.

அந்த ஆர்க்கம் 1974-இல் பேட்மேன் காமிக்ஸுக்குள் வந்தது. பெயருக்கு மனநல மருத்துவமனை, நடப்பில் ஜெயில். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள், யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதே இல்லை, அங்கே வேலை பார்த்த டாக்டரே நோயாளியைக் காதலித்து ஹார்லி குவின் ஆகிவிடுகிறார். 2016-இல் வந்த ‘சூசைட் ஸ்குவாட்’ படத்தில் அவர் தலையில் மின்சாரம் பாய்ச்சுகிற காட்சியும் உண்டு. இந்த மாதிரிக் காட்சிகளால் எனக்கு வருகிற தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. கடுமையான மனச்சோர்வில் சாப்பாடு தண்ணீர் இறங்காமல் கிடக்கிறவருக்கு மின் சிகிச்சை உயிர் காக்கும், ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே ‘ஷாக் மட்டும் வேண்டாம் டாக்டர்’ என்று மகன் எழுந்து நின்றுவிடுவார். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் அதைச் செய்கிறோம், அவை இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது. நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், கத்தலும் கிடையாது, துள்ளலும் கிடையாது.

2019-இல் வந்த ‘ஜோக்கர்’ எனக்கு இரண்டு மனதான படம். அரசு பணத்தை வெட்டியதால் ஆலோசனை மையம் மூடப்பட்டு, பின்னால் ஜோக்கராக மாறும் ஆர்தருக்கு மாத்திரை நின்றுபோகிறது என்பதைக் காட்டியதற்காக அதைப் பாராட்ட வேண்டும். அடக்க முடியாமல் வருகிற அந்தச் சிரிப்பும் கற்பனை இல்லை. பக்கவாதம், தலைக்காயம் போன்றவற்றுக்குப் பிறகு மனதில் சந்தோஷம் இல்லாமலேயே சிரிப்போ அழுகையோ பீறிட்டு வருவது உண்டு. அப்படி ஒரு பெரியவர் சாவு வீட்டில் சிரித்துவிட, சொந்தக்காரர்கள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மருந்து இருக்கிறது, அவருக்குப் பெருமளவு குறைந்தும் விட்டது. ஆனால் படத்தில் அந்தச் சிரிப்பு போகப்போகக் கொலைக்கான முன்னோட்டமாகிவிடுகிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 164 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ‘ஜோக்கர்’, மற்றவர்களுக்கு ஒரு டெர்மினேட்டர் படம் காட்டி, முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டார்கள். ‘ஜோக்கர்’ பார்த்தவர்களிடம் மனநோயாளிகள் மீதான வெறுப்பு கூடியிருந்தது, மற்றவர்களிடம் கூடவில்லை. 2020-இல் வெளியானது. சின்ன ஆய்வுதான், ஆனால் நான் தினம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

நிஜம் என்ன? அமெரிக்காவில் 1998-இல் வெளியான மக்ஆர்தர் ஆய்வு, மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் போதைப் பழக்கம் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தாரைவிட அதிகமாக வன்முறையில் இறங்கவில்லை என்று காட்டியது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, சிகிச்சை எடுக்காத தீவிர மனநோயும் குடியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆனால் பெரும்பாலும் இவர்கள் அடிப்பவர்களாக இல்லை, அடி வாங்குபவர்களாகவே இருக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது குடும்பங்கள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்குள் வராமலேயே இருந்தார்கள். வசதி இல்லாதது, தூரம், பணம் எல்லாம் காரணம்தான், அதோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்று வீட்டில் சொல்லாமல் பல மாதம் ஹெட்போன் போட்டுக்கொண்டே சமாளித்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னால் எல்லாரும் என்னை சைக்கோ கில்லர் மாதிரிப் பார்ப்பாங்க சார்’ என்றான். அவன் ஒரு எறும்பைக்கூட மிதிக்காத பையன். தீவிர மனநோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நன்றாகத் தேறுவார்கள், அவன் ஹெட்போனுக்குள் ஒளிந்திருந்த அத்தனை மாதமும் நஷ்டம்.

அதனால் பிள்ளைகளோடு படம் பாருங்கள், வில்லனை ரசியுங்கள், நானும் ரசிக்கிறேன். ‘லூசு, அதான் கொல்றான்’ என்று யாராவது சொன்னால், அப்புறம் கில்மாங்கருக்கு என்ன வியாதி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நன்றாகப் போகும். வீட்டில் யாராவது தூக்கம் கெட்டு, தனியாகப் பேசி, எல்லாரையும் சந்தேகப்பட்டு, படிப்பிலோ வேலையிலோ சட்டென்று பின்தங்கினால், அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.