ஒரே தேதியில் இருவர்: தற்செயலின் கணக்கு

1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில், வசதியான மருத்துவர் ஒருவரின் வீட்டில் சார்லஸ் டார்வின் பிறந்தார். அதே நாளில், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், கென்டக்கியின் ஒரு மரக்குடிலில் ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். தேதி மட்டுமன்றி ஆண்டும் ஒன்றே. நாளிதழின் ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் இத்தகைய செய்தியைப் படிக்கும் எவருக்கும் வியப்பு ஏற்படுவது இயல்பு. அந்த வியப்பை அளந்து பார்க்க ஒரு கணக்கு உண்டு. பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் அதற்குப் போதும்.

ஓர் அறையில் 23 பேர் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் யாரேனும் இருவரது பிறந்தநாள் ஒரே தேதியில் அமைவதற்கான நிகழ்தகவு 50.7 விழுக்காடு. ஆண்டில் 365 நாள்கள் இருக்க, 23 பேர் எப்படிப் போதும் என்ற ஐயம் உடனே எழும். நாம் ஆள்களை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது இணைகளை என்பதுதான் அதற்கு விடை. முதலாமவரை மற்ற 22 பேரோடும், இரண்டாமவரை எஞ்சிய 21 பேரோடும் ஒப்பிட்டு, இப்படியே கடைசி இருவர் வரை சென்றால், மொத்தம் 253 இணைகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இணையும் பொருந்துவதற்கான வாய்ப்பு 365இல் ஒன்று என்னும் சிறிய அளவுதான் என்றாலும், 253 முறை சோதிக்கும்போது அது பெருகிவிடுகிறது.

துல்லியமான விடையைப் பெற, யாருடைய பிறந்தநாளும் பொருந்தாமல் போவதற்கான வாய்ப்பை முதலில் கணக்கிடுவது எளிது. இரண்டாமவர் முதலாமவரின் தேதியைத் தவிர்க்க 365இல் 364 வாய்ப்புகள் உள்ளன. மூன்றாமவர் முந்தைய இரு தேதிகளையும் தவிர்க்க 363. இந்தப் பின்னங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே சென்றால், 23ஆம் ஆளிடம் வரும்போது பெருக்குத்தொகை 0.493 ஆகக் குறைந்துவிடும். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பதே மேற்சொன்ன 50.7 விழுக்காடு. 50 பேர் கூடினால் இது 97 விழுக்காட்டை எட்டுகிறது. குழந்தைகள் எல்லா நாள்களிலும் சம அளவில் பிறப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு, பொருத்தம் நேரும் வாய்ப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். “என் பிறந்தநாளில் பிறந்த இன்னொருவர் இந்த அறையில் இருக்கிறாரா?” என்று கேட்டால், மற்ற 22 பேரில் ஒருவர் அப்படி அமைவதற்கான வாய்ப்பு ஆறு விழுக்காட்டுக்கும் குறைவே. தேதியை முன்கூட்டியே குறித்துக்கொண்டு தேடுவது வேறு, ஏதாவது ஒரு தேதியில் எவராவது இருவர் பொருந்தினால் போதும் என்பது வேறு. வரலாற்றுப் பகுதிகளில் நாம் காண்பவை அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

2014ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இதற்கு அருமையான சோதனைக் களமாக அமைந்தது. பங்கேற்றவை 32 அணிகள். ஒவ்வோர் அணியிலும் சரியாக 23 வீரர்கள். அவற்றுள் 16 அணிகளில், அதாவது மிகச் சரியாகப் பாதியில், பிறந்தநாளைப் பகிர்ந்துகொண்ட வீரர்கள் இருந்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களை எடுத்துக்கொண்டாலும் ஜேம்ஸ் போக்கும் வாரன் ஹார்டிங்கும் நவம்பர் 2 அன்று பிறந்தவர்கள்.

டார்வின், லிங்கன் இருவருக்கும் ஆண்டும் பொருந்துகிறதே என்று கேட்கலாம். ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 36,525 நாள்கள் உள்ளன. அந்த நூற்றாண்டில் பிறந்த புகழ்பெற்றவர்களுள் ஏறக்குறைய 225 பேரைத் தேர்ந்தெடுத்தாலே, யாரேனும் இருவர் ஒரே ஆண்டின் ஒரே நாளில் பிறந்திருப்பதற்கான வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடும். நாள்களின் எண்ணிக்கை நூறு மடங்காகும்போது, தேவைப்படும் ஆள்களின் எண்ணிக்கை பத்து மடங்குதான் உயர்கிறது. ஏனெனில் இது வர்க்கமூலத்தின் வழியே வளரும் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு தந்த பெரியோர் 225 பேரைவிட மிகப் பலர். ஆகவே அந்த நூற்றாண்டில் இப்படி ஓர் இணைகூட இல்லாமல் போயிருந்தால்தான் வியக்க வேண்டும்.

பிறப்போடு இறப்பையும் சேர்த்துக்கொண்டால் இணைகள் மேலும் பெருகும். ஸ்டீபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8 அன்று, கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டுகள் நிறைந்த நாளில் பிறந்தார். ஐன்ஸ்டைனின் பிறந்தநாளான மார்ச் 14 அன்று, 2018இல் மறைந்தார். கலிலியோவுடனான பொருத்தத்தைக் குறிப்பிடும்போதெல்லாம், அதே நாளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருப்பார்கள் என்றும் ஹாக்கிங் சேர்த்துச் சொல்வார். இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பொருத்தங்களையும் இந்தக் கணக்கிலேயே அடக்கிவிட முடியாது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று, அதை உருவாக்கியவர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் சில மணி நேர இடைவெளியில் மறைந்தனர். அந்த நாளின் பொருளை நன்கறிந்திருந்த முதியோர் இருவர் அதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ என்ற கேள்வி எழுவது நியாயமே. அங்கே தேதி, நிகழ்வுக்குத் தொடர்பற்ற வெறும் எண்ணாக இருக்கவில்லை.

பொருத்தம் பார்ப்பதற்கு முன், இரு தேதிகளும் ஒரே நாட்காட்டியைச் சேர்ந்தவையா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று மறைந்ததாகச் சொல்வது வழக்கம். ஸ்பெயின் 1582இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தோ 1752 வரை, அதற்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது; ஷேக்ஸ்பியர் காலத்தில் அது பத்து நாள்கள் பின்தங்கியிருந்தது. ஷேக்ஸ்பியர் மறைந்த நாள் ஸ்பெயினின் கணக்கில் மே 3. செர்வாண்டிஸ் மறைந்ததோ ஏப்ரல் 22. 23ஆம் தேதி அவர் அடக்கம் செய்யப்பட்ட நாள்.

நம் வழக்கப்படி தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் கொண்டு பிறந்தநாளைக் குறித்தால், இணைகளே மாறிவிடும். 12 மாதங்கள், 27 நட்சத்திரங்கள் என 324 சேர்க்கைகள் இருப்பதால், அங்கே பாதி வாய்ப்புக்கு 22 பேரே போதும்.

கலிலியோ மறைந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற செய்தியும் இரு நாட்காட்டிகளைக் கலந்ததால் வந்ததே. கிரிகோரியன் கணக்கில் கலிலியோ மறைந்தது 1642 ஜனவரி 8, நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஜூலியன் கணக்கில் அவை முறையே 1641 டிசம்பர் 29, 1642 டிசம்பர் 25. எந்த நாட்காட்டியில் வைத்துப் பார்த்தாலும் இடைவெளி 361 நாள்கள், ஆண்டுகளும் வெவ்வேறு.