3327-ஆம் அறையில் காலடி ஓசை எழுவது எப்படி?

கலிபோர்னியாவில் சான் டியாகோவுக்கு அருகே, கடலை ஒட்டி, பெரும்பகுதி மரத்தாலேயே கட்டப்பட்டு 1888-இல் திறக்கப்பட்ட ஓட்டல் டெல் கொரனாடோவுக்கு, 1892 நவம்பர் 24 அன்று கேட் மார்கன் என்னும் இளம்பெண் தனியாக வந்து சேர்ந்தார். ஐந்து நாள்களுக்குப் பின், கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டில் அவர் இறந்து கிடந்தார். அவர் தங்கிய அறையின் இன்றைய எண் 3327. அங்கே விளக்கு மினுங்குவதாகவும் ஆளில்லாமலே காலடி ஓசை கேட்பதாகவும் சொல்கிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாத ஆவி என்பதால், அந்த அறையையே கேட்டு வாங்கித் தங்குவோரும் உண்டு. அவர்கள் எல்லோரும் கதை கட்டுகிறார்கள் என்று ஒதுக்குவது நியாயமன்று. ஓசை உண்மையிலேயே எழக்கூடியதுதான்.

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இந்த மாற்றம் இழைக்குக் குறுக்கே அதிகமாகவும் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் இருப்பதால், வெப்பமும் ஈரமும் மாறும் இரவில் பலகை ஒருபக்கம் நகர முயல, ஆணி அதை இழுத்துப் பிடிக்கிறது. சேர்ந்துகொண்டே போகும் விசை உராய்வை மீறும் கணத்தில், பலகை மயிரிழை தூரம் வழுக்கி ‘டக்’ என்று ஒலிக்கிறது. பிறகு மீண்டும் பிடி, மீண்டும் வழுக்கல். இடைவெளி விட்டு எழும் இந்த ஒலிகள், மெல்ல நடப்பவரின் அடிகளைப் போலவே இருக்கும்.

புது இடத்தில் தூக்கம் வராது என்று நாம் சொல்வதற்கும் காரணம் உண்டு. பழகாத இடத்தில் உறங்கும் முதல் இரவில், ஆழ்ந்த உறக்கத்திலும் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட விழிப்பாக இருப்பதை, பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். வழக்கத்துக்கு மாறான ஒலி, பெரும்பாலும் இடப்பாதிக்கே செய்தி அனுப்பும் வலக்காதில் விழுந்தபோது உறங்கியவர்கள் எளிதில் விழித்துக்கொண்டார்கள். விடுதியில் தங்குவோரில் பலருக்கு எந்த இரவும் முதல் இரவுதான்.

விழித்தவருக்கு அருகில் யாரோ இருப்பதாக ஏன் தோன்ற வேண்டும்? 2014-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள், கண் கட்டப்பட்டவர்கள் முன்புறம் கையை அசைக்க, அதே அசைவில் ஓர் இயந்திரக் கை அவர்கள் முதுகைத் தொடும்படி அமைத்தார்கள். தொடுகை அரை நொடி தாமதமானதும், பின்னால் வேறொருவர் நிற்பதாகச் சிலர் உணர்ந்தார்கள். இருவர் சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தன் உடலின் செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, மூளை அவற்றை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுகிறது. அரைத்தூக்கத்திலும் இத்தகைய பொருத்தமின்மை நேரக்கூடும் என்றே கருதுகிறேன்.

அந்த இன்னொருவருக்கு முகமும் குணமும் தருவது, முன்பே காதில் விழுந்த கதை. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நாடக அரங்கைச் சுற்றிவந்தவர்களில், அங்கே ஆவி உலவுவதாகச் சொல்லப்பட்டவர்களே விசித்திர அனுபவங்களை அதிகம் குறித்தார்கள். மற்றவர்களிடம் புதுப்பிக்கும் வேலை நடப்பதாக மட்டுமே சொல்லியிருந்தார்கள். 3327-இல் கேட் மார்கனை அறிந்து படுத்தவருக்கு அந்த ‘டக்’ அவருடைய காலடி. அறியாதவர் பலகை தளர்ந்திருக்கிறது என்று எண்ணிப் புரண்டு படுப்பார்.