வாந்தி முதலா, வலி முதலா?

வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய தாய்மாமாவுக்குக் கல்யாண விருந்துக்கு மறுநாள் ராத்திரி ஓயாத வாந்தி. நடுவில் நெஞ்சைப் பிளக்கிற மாதிரி ஒரு வலி. ஹார்ட் அட்டாக் என்று பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஈசிஜி சரியாகத்தான் இருந்தது. இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம்: “வாந்தி முதல்ல வந்துச்சா, வலி முதல்ல வந்துச்சா?” பிறகு சிடி ஸ்கேன். விடிவதற்குள் ஆபரேஷன். மாமா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘போயர்ஹாவ் சிண்ட்ரோம்’ என்று போட்டிருந்தது. “யார் சார் இவர்? அந்த டாக்டர் அதே கேள்வியை ஏன் அத்தனை தடவை கேட்டார்?”

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது.

ஹெர்மன் போயர்ஹாவ் (டச்சுக்காரர்கள் ‘பூர்ஹாவ’ என்பார்கள்) 1668 டிசம்பர் 31-ல் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் பக்கத்தில் ஃபோர்ஹௌட் என்ற ஊரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் தொடையில் வந்த புண் ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. வைத்தியர்கள் கைவிட்ட பிறகு உப்பும் சிறுநீரும் கலந்து தானே ஒத்தடம் கொடுத்து ஆற்றிக்கொண்டார் என்பார்கள். அவரும் பாதிரியாராகத்தான் ஆகியிருக்க வேண்டும். படகுப் பயணம் ஒன்றில், நாத்திகர் என்று திருச்சபையினர் வெறுத்த தத்துவஞானி ஸ்பினோசாவைத் திட்டித் தீர்த்த ஒருவரிடம் “அவர் எழுதியதைப் படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ‘இவனும் ஸ்பினோசா ஆள்’ என்று ஊரெல்லாம் பேச்சு. திருச்சபை வேலை என்ற நினைப்பையே விட்டுவிட்டு மருத்துவத்துக்கு வந்துசேர்ந்தார்.

லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், தாவரவியல், வேதியியல் என்று மூன்று பேராசிரியர் பதவிகளை ஒரே நேரத்தில் வகித்தார். 1714-லிருந்து புனித சிசிலியா மருத்துவமனையில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6 என்று 12 கட்டில்களை வைத்துக்கொண்டு, நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இன்று நம் மருத்துவக் கல்லூரிகளில் காலையில் பேராசிரியர் பின்னால் மாணவர்கள் கூட்டமாக வார்டு சுற்றுகிறார்களே, அதன் வேர்களில் முக்கியமான ஒன்று அந்த 12 கட்டில்கள். அங்கே படித்தவர்கள்தான் எடின்பரோவிலும் வியன்னாவிலும் மருத்துவக் கல்வியைக் கட்டி எழுப்பினார்கள்.

உடம்பைப் பற்றிய அவருடைய கோட்பாடு பெரும்பாலும் தவறு. குழாய்கள், பம்புகள், அவற்றில் ஓடும் திரவங்கள், இவ்வளவுதான் மனித உடல் என்று நினைத்தார். காய்ச்சலில் சூடு வருவது ரத்தம் குழாய்ச் சுவரில் உரசுவதால் என்றார். இதெல்லாம் நிற்கவில்லை. ஆனால் அவர் பெயரைத் தாங்கி நிற்கிற இந்த நோய் இருக்கிறதே, அது சுத்தமான குழாய்ப் பிரச்சினை.

1723 அக்டோபர் 29. டச்சுக் கடற்படையின் அட்மிரல் பாரன் யான் ஃபான் வாசெனார் வயிறு புடைக்கச் சாப்பிடுகிறவர். சாப்பிட்டுவிட்டு, மூலிகைக் கஷாயம் குடித்து வாந்தி எடுப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். அன்று கஷாயம் குடித்தும் வாந்தி சரியாக வரவில்லை. மேலும் குடித்தார், முக்கினார். திடீரென்று ஒரு பயங்கர அலறல். இரைப்பைக்கு மேலே ஏதோ கிழிந்துவிட்டது, இனி பிழைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிரார்த்தனையில் இறங்கினார். வலி தணிய ஆலிவ் எண்ணெயை விழுங்கவைத்தார்கள். ராத்திரி போயர்ஹாவ் வந்தார். அவருக்கும் எதுவும் பிடிபடவில்லை. எந்த மருந்தும் கேட்கவில்லை. முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தபடியே துடித்த அட்மிரல், மறுநாளே இறந்துபோனார்.

போயர்ஹாவ் உடலைத் திறந்து பார்த்தார். தோலுக்கு அடியில் காற்று. நெஞ்சைத் திறந்ததும் வறுத்த வாத்தின் வாசனை. அட்மிரல் சாப்பிட்டது வாத்து. நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த திரவத்தில், விழுங்கிய ஆலிவ் எண்ணெய் மிதந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத்திரையான உதரவிதானத்துக்குச் சற்று மேலே உணவுக்குழாய் கிழிந்திருந்தது.

எனக்கு இதில் அலுக்காத விஷயம் அந்தக் கிழிசல்தான். ஏன் அங்கே, ஏன் அப்படி?

வாந்தி எடுக்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது, உதரவிதானம் கீழே அழுத்துகிறது, வயிற்றுத் தசைகள் உள்ளே இறுக்குகின்றன. நடுவில் மாட்டிய இரைப்பை, உள்ளே இருப்பதை மேலே பீய்ச்சுகிறது. தொண்டைக்குக் கீழே இருக்கும் சுருக்குத்தசை சரியாக அந்த நொடியில் இளகி வழிவிட வேண்டும். அது இளகவில்லை என்றால், ஒரு முனையை அடைத்த குழாய்க்குள் மறுமுனையிலிருந்து பம்பு அடிப்பது மாதிரிதான். சபையில் மானம் போகுமே என்று வாந்தியைப் பலவந்தமாக அடக்குகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

இப்போது அந்த உணவுக்குழாயை 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாயாக வைத்துக்கொள்வோம். அதில் 10 செ.மீ. துண்டு ஒன்றை மட்டும் பார்ப்போம். உள்ளே எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம். இந்தத் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும் விசை செயல்படும் பரப்பு, 2-ஐ 10-ஆல் பெருக்கினால் 20 சதுர செ.மீ. பிளக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பது இரண்டு பக்கமும் உள்ள சுவர், பக்கத்துக்கு 10 செ.மீ., மொத்தம் 20 செ.மீ. ஆக ஒவ்வொரு செ.மீ. சுவரும் தாங்கும் பங்கு 1. அதே குழாயைக் குறுக்காக அறுக்கும் விசையைப் பாருங்கள். பரப்பு அந்த வட்டம் மட்டுமே, 3.14 சதுர செ.மீ. பிடித்திருப்பது சுற்றளவு முழுவதும், 6.28 செ.மீ. பங்கு வெறும் அரை. நீளத்தை எவ்வளவு மாற்றினாலும் இந்த விகிதம் மாறாது. அழுத்தம் ஏறினால் குழாய் குறுக்கே அறுவதற்கு முன்பே நீளவாக்கில் கீறிவிடும்.

மோட்டாரைப் போட்டதும் வெடித்த பிவிசி பைப்பைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது தெரியும், பைப்போடு கூடவே ஓடும் நீளக் கீறல். போயர்ஹாவ் சிண்ட்ரோமிலும் கிழிசல் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும். அதுவும் குழாயின் கீழ்ப்பகுதியில், இடப்புறம் பின்பக்கமாக. அந்த இடத்தில் முட்டுக்கொடுக்கப் பக்கத்தில் வேறு உறுப்பு இல்லை. இரைப்பைக்கும் குடலுக்கும் உள்ள உறுதியான வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது. பலவீனமான இடம், அழுத்தம் உச்சத்தில், பிளக்கும் விசை இரட்டிப்பு.

கிழிந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, அதனால்தான் காற்றே உள்ளே வருகிறது. அந்த உறிஞ்சல் கிழிசல் வழியாகவும் வேலை செய்கிறது. ஒவ்வொரு மூச்சும் இரைப்பையில் உள்ள அமிலத்தையும் உணவையும் நெஞ்சறைக்குள் இழுக்கிறது. வாத்தும் எண்ணெயும் அங்கே போனது இப்படித்தான். காற்று மேலேறிக் கழுத்துத் தோலுக்கு அடியில் தங்கும்போது, விரலால் அழுத்தினால் உப்பை நசுக்கியது போல நறநறவென்று இருக்கும்.

இத்தனையையும் போயர்ஹாவ் 1724-ல் தனிப் புத்தகமாக வெளியிட்டார். என்னென்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், எது எதற்குப் பிறகு வந்தது என்று வரிசை பிசகாமல் எழுதினார். ஐரோப்பாவின் மிகப் பிரபலமான வைத்தியர், ஊரறிந்த நோயாளி தன் கையில் இறந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் ஊரில் பிரேதப் பரிசோதனை என்றாலே போலீஸ் கேஸ் என்று ஆகிவிட்டது. நோயைப் புரிந்துகொள்வதற்காக உடலைத் திறப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. குடும்பத்தினரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் பொறுமையாக விளக்கிக் கேட்க ஆளும் பணமும் ஒதுக்காத மருத்துவக் கல்லூரிகளின் அலட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இடுமருந்து வைத்துவிட்டார்கள், எடுக்கிறேன்’ என்று ஆளை உட்காரவைத்து, குடம் குடமாகக் குடிக்கவைத்து, குடலே வெளியே வரும் அளவுக்கு ஓங்கரிக்கவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அட்மிரல் செய்ததும் ஏறக்குறைய அதுதான். தயவுசெய்து யாரையும் அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

கிழிந்த உணவுக்குழாயை உடனே தைத்து நோயாளியைப் பிழைக்கவைத்தது 1947-ல்தான். நார்மன் பாரெட் என்ற அறுவை மருத்துவர் லண்டனில் அதைச் செய்தார். தைப்பதைவிடச் சந்தேகப்படுவதுதான் இன்றும் கஷ்டம். ஒரு நாள் தாண்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு சரிந்துவிடும்.

அந்த இளம் டாக்டரின் கேள்வி இங்கேதான் வருகிறது. மாரடைப்பில் பெரும்பாலும் நெஞ்சுவலி முந்திக்கொள்ளும். குமட்டலும் வாந்தியும் அதோடோ அதற்குப் பிறகோ வரும். உணவுக்குழாய் கிழிந்தால் வரிசை தலைகீழ், முதலில் ஓங்கரிப்பு, அதன் உச்சத்தில் வலி. அட்மிரலுக்கு அப்படித்தான் வந்தது, உங்கள் மாமாவுக்கும் அப்படித்தான். அன்றிரவு அவர் வலியோடு வலியாக “வாந்திதான் முதல்ல” என்று சொன்ன பிறகுதான் அந்த டாக்டர் சிடி ஸ்கேன் எழுதியிருப்பார்.