கை ஸ்டீரிங்லதான் இருந்துச்சு, கண்ணும் ரோட்டுலதான் இருந்துச்சு

கொஞ்ச நாள் முன்னாடி மச்சினன் கார்ல கேளம்பாக்கம் கெளம்பினோம். பெருங்களத்தூர் தாண்டினதும் அவனுக்கு ஆபீஸ்லருந்து போன். ப்ளூடூத்லதான் பேசினான், ரெண்டு கையும் ஸ்டீரிங்ல, பார்வை நேரா ரோட்டுல, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா வண்டலூர்ல லெஃப்ட் எடுக்க வேண்டியவன் சாவகாசமா மேம்பாலம் ஏறிட்டான். "ஏன்டா ஏறின, போர்டு பாக்கலையா"ன்னா, "போர்டு இருந்துச்சா மாமா?"ங்கறான். (நான் ஏன் சொல்லலன்னு கேக்காதீங்க, நானும் என் போனத்தான் பாத்துட்டு இருந்தேன்.)

இதே கூத்த அமெரிக்காவுல யூட்டா யுனிவர்சிட்டில சிமுலேட்டர் (ஸ்க்ரீன்ல ரோட்ட காட்டி ஓட்ட வைக்கற டம்மி கார்) வச்சே பண்ணி பாத்திருக்காங்க, டேவிட் ஸ்ட்ரேயரோட டீம், 2008ல. ஹைவேல போய் ஒரு ரெஸ்ட் ஏரியா வந்ததும் வெளிய திரும்பணும், அவ்ளோதான் வேலை. ஹேண்ட்ஸ்ஃப்ரீல பேசிட்டே ஓட்டினவங்கள்ல பாதி பேர் திரும்பாம தாண்டி போய்ட்டாங்க. பக்கத்து சீட்ல இருந்த ஆளோட பேசிட்டே ஓட்டினவங்க பெரும்பாலும் கரெக்டா திரும்பிட்டாங்க. ஏன்னா பக்கத்துல உக்காந்திருக்கறவருக்கும் அதே ரோடுதான் தெரியுது, லாரி குறுக்க வந்தா அவரு வாய் தானா நிக்கும், "பாத்து பாத்து"ன்னு கால வேற அழுத்துவாரு, இல்லாத பிரேக்க. போன்ல இருக்கறவருக்கு லாரியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, அவரு பாட்டுக்கு கேள்வி கேட்டுட்டே இருப்பாரு.

சரி, கண்ணு ரோட்டுலதான இருக்கு, அப்புறம் எப்படி போர்டு தெரியாம போகும்? அங்கதான் விஷயமே. கண்ணு படறது வேற, மூளை அத எடுத்துக்கறது வேற. அதே டீம் 2003லயே கண்ணு எங்க போகுதுன்னு டிராக் பண்ணி பாத்தாங்க, போன் பேசினவங்க கண்ணு விளம்பர போர்டு மேல நல்லாவே பட்டிருக்கு, பின்னாடி கேட்டா "பாத்த மாதிரியே இல்லையே"ங்கறாங்க. 2008ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில மூளை ஸ்கேன் எடுக்கற மெஷினுக்குள்ள படுக்க வச்சு சிமுலேட்டர்ல வண்டி ஓட்ட சொல்லி, காதுல சில வாக்கியங்கள மட்டும் ஓட விட்டு அது சரியா தப்பான்னு கேட்டாங்க. பேசக்கூட இல்ல, கேட்டதுக்கே, மூளைல இடம் தூரம் கணக்கு போடற பகுதியான பரைட்டல் லோப்ல டிரைவிங்குக்கான வேலை 37% கொறஞ்சு போச்சு.

வீட்லருந்து "பீரோ சாவிய எங்க வச்சீங்க"ன்னு ஒரு போன் வருதுன்னு வைங்க. ஒடனே மனசு வீட்டுக்கு போய் பீரோ மேல, ஃப்ரிட்ஜ் மேல, சட்டை பாக்கெட்னு தேட ஆரம்பிச்சிடும். ரோட்டுல முன்னாடி ஆட்டோக்காரர் திடீர்னு பிரேக் அடிக்கறப்ப நீங்க பீரோ முன்னாடி நின்னுட்டு இருப்பீங்க. 80ல போனா செகண்டுக்கு 22 மீட்டர்.

பேசி முடிச்சதும் மூளை ஒடனே திரும்பி வந்துடும்னும் நினைக்காதீங்க. கார்கள்ல இருக்கற வாய்ஸ் கமாண்ட் சிஸ்டங்கள 2015ல இதே யூட்டா ஆளுங்க டெஸ்ட் பண்ணாங்க, மோசமான சிலதுல கமாண்ட் முடிஞ்ச பிறகும் 27 செகண்ட் வரைக்கும் கவனம் முழுசா திரும்பல. அதே 80 கணக்குல 600 மீட்டர் ஆச்சு.

நம்ம சட்டம் போன கைல புடிக்கறததான் புடிக்குது. மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தப்படி முதல் தடவை மாட்டினா 1000லருந்து 5000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் ஜெயில், ரெண்டும் கூட போடலாம். 2020 அக்டோபர்லருந்து வழி பாக்கறதுக்கு மட்டும் கைல இருக்கற போன யூஸ் பண்ணலாம்னு விட்டிருக்காங்க, அதுவும் கவனம் சிதறாத மாதிரி. ஹெல்மெட்டுக்குள்ள போன சொருகிட்டு பேசற நம்ம பைக் அண்ணன்களுக்கு கை ஃப்ரீதான், மூளைதான் பிஸி.

நான் இப்ப கியர் போடறதுக்கு முன்னாடியே மேப் செட் பண்ணிடறேன், டிரைவிங் மோட்ல போட்டா போனே "ஓட்டிட்டு இருக்கேன்"னு மெசேஜ் அனுப்பிடுது, ரொம்ப அவசரம்னா வண்டிய ஓரங்கட்டிட்டு பேசறது.

அன்னிக்கு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு தாண்டி யூ டர்ன் போட்டு திரும்பி வரப்ப அதே ஆபீஸ் நம்பர் மறுபடி. மச்சினன் என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் எடுத்து, "வண்டி ஓட்டிட்டு இருக்காரு சார், அரை மணி நேரத்துல கூப்புடுவாரு"ன்னு சொல்லி வச்சிட்டேன். இந்த தடவ போர்டு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுது.