விரலால் தட்டினால் கையின் நிலை தெரியுமா?

"அம்மாவுக்கு வயது 74. விரல் தட்டுவதை அளக்கும் கைப்பேசிச் செயலியில் 10 வினாடிக்கு 40 தடவை தட்டினார். இது நல்லதா?" சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வெறும் 40-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. விரல் பட்டால் தொடுதிரையில் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவு, மாறும். அதை வைத்து, பட்ட நேரம், எடுத்த நேரம் இரண்டையும் செயலி குறித்துக்கொள்கிறது. விஷயமே அந்த நேரங்களில்தான் இருக்கிறது.

இருவர் ஆளுக்கு 40 முறை தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி இருவருக்கும் 250 மில்லிவினாடி. முதலாமவரின் இடைவெளிகள் 240, 255, 245, 260 என்று கடைசிவரை ஒரே சீராகப் போகின்றன. மற்றவருக்கோ 180-இல் தொடங்கி, போகப்போக 300 வரை நீள்கிறது. நடுவே ஓரிடத்தில் விரல் 600 மில்லிவினாடி நின்றுவிடுகிறது. எண்ணிக்கை ஒன்று, கைகள் வேறு. மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையும் பார்க்கின்சன் நோயில், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு இப்படித்தான் சிறுத்து, மெதுவாகி, தடைபடும். மூட்டுவலிக்காரர் பெரும்பாலும் முதல் தட்டிலிருந்தே மெதுவாகத் தட்டுவார். இந்த வேறுபாட்டை ஒரு சாதாரணக் கைப்பேசி பிடித்துவிடுகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான். ஆனால் விரல் எவ்வளவு உயரம் எழுகிறது என்பது திரைக்குத் தெரியாது. அதை மருத்துவர்தான் கண்ணால் பார்க்க வேண்டும்.

அளவீடு கெடும் இடங்கள் பல. வினாடிக்கு 60 முறை தொடுதலைப் பார்க்கும் திரையில் ஒவ்வொரு நேரமும் ஏறக்குறைய 17 மில்லிவினாடி பிசகலாம்; 240 முறை பார்க்கும் திரையில் 4. அதனால் பேரனின் கைப்பேசியில் ஒருநாள், தன்னுடையதில் ஒருநாள் என்று தட்டி ஒப்பிடக்கூடாது. வயதானவர்களின் விரல்நுனி வறண்டிருந்தால் தொடர்பு நடுவில் அறுந்து, ஒரே தட்டு இரண்டாகப் பதிவாகும். 20 மில்லிவினாடி இடைவெளியில் எந்த விரலும் தட்டாது. அப்படி வந்தால் அது திரையின் பிழை. ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். நகம் நீண்டிருந்தாலும் தட்டு பதியாமல் போகலாம். குளிர்சாதன அறையில் சில்லிட்ட விரல் மந்தமாகும், கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியை மேசையில் வழுக்காத துணிமேல் படுக்க வைத்து, மணிக்கட்டை ஊன்றி, ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டச் சொல்லுங்கள். முதல் முயற்சி பழகுவதற்கு. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு கைக்கு மூன்று முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மருந்து சாப்பிடுபவர் என்றால் தினமும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

இந்தச் செயலிகளை வறண்ட விரல்களிலும் மலிவான கைப்பேசிகளிலும் சோதிப்பதற்கு ஆய்வுப் பணம் போக வேண்டும் என்பது என் கருத்து. இங்கே 2030-இல் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார். "வயசானா கை தடுமாறத்தான் செய்யும்" என்று விட்டுவிடும் பழக்கமும் போக வேண்டும்.

செயலி நோயைச் சொல்லாது. ஒரு கை மட்டும் வாரக்கணக்கில் பின்தங்கிக்கொண்டே வந்தால், அந்தப் பதிவுகளோடு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். ஒரு கை திடீரென்று வலுவிழந்தால் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 995-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.