'12 வோல்ட் வருதே சார்!'

இந்த மாதத்தில் இது நான்காவது வண்டி. 1968-ஆம் வருடத்து ட்ரையம்ஃப் போன்வில், பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். அதோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. கழற்றிய 2 காயில் (பிளக்குக்குத் தீப்பொறி தருபவை), ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது), கன்டென்சர்கள், பாயின்ட் செட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் ஸ்விட்ச்) எல்லாம் அதற்குள். எல்லாவற்றுக்கும் பதிலாக வண்டியில் புத்தம்புதுச் சாமான். உரிமையாளர் ஆறு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியிருக்கிறார். கோளாறு மட்டும் இம்மியும் அசையவில்லை. ஹெட்லைட்டைப் போட்டால் ஐட்லிங்கில் என்ஜின் தும்மும், அணைத்தால் சீராகிவிடும்.

"லூகாஸ் வயரிங் இல்லையா சார், அப்படித்தானே இருக்கும்?" என்றார்.

வண்டியைப் பார்த்தேன். ஃப்ரேம் பளபளவென்று பவுடர் கோட்டிங் செய்யப்பட்டிருந்தது. அருமையான வேலை, குறை சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து ஃப்ரேமுக்கு வரும் எர்த் வயர்தான் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அதன் வளையத்தை அந்தப் பளபளப்பின் மேலேயே வைத்து போல்ட் முடுக்கியிருந்தார்கள். பவுடர் கோட்டிங் பிளாஸ்டிக் சாதி, மின்சாரம் அதில் போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டிருந்ததால்தான் வண்டி அவ்வளவு தூரமாவது ஓடியிருக்கிறது. வளையம் உட்காரும் இடத்தில் காசளவுக்குச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். இருபது நிமிஷம். பெட்டியிலிருந்த பழைய காயில்களையும் சோதித்தேன். இரண்டும் நல்ல காயில்கள்.

லூகாஸ் என்பது இந்த பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாமான் செய்த கம்பெனி. அதைப் பற்றிய நகைச்சுவை எனக்கும் தெரியும். லைட் எப்போது அணையும் என்று தெரியாதாம், அதனால் 'இருளின் இளவரசன்' என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அரை நூற்றாண்டு மழையும் அதிர்வும் பார்த்த வயரிங், நடுவில் பத்துப் பேர் வெட்டி ஒட்டியது, இன்னும் ஓடுகிறதே, அதை யாரும் பேசுவதில்லை. அந்த நகைச்சுவையால் ஒரு கெடுதலும் உண்டு. 'சாமானே மட்டம்' என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் யாரும் அளந்து பார்ப்பதில்லை, நேரே வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

அளந்து பார்த்தவர்களும் ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். "காயில் வரைக்கும் 12 வோல்ட் வருதே சார்!" இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலைவலி. கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

மல்டிமீட்டர் தன் வழியாக மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு. வயருக்குள் இருந்த இழைகளெல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தாலும் 12 காட்டும். வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பீப் சத்தம் போட்டுச் சொல்லும் கன்டினியுட்டி சோதனையும் இதே கதைதான். நைந்து ஒரு நூலில் நிற்கும் கயிறும், எதையும் கட்டித் தூக்காதவரை, பார்வைக்குக் கயிறுதான். சுமை ஏற்றினால்தானே வண்டவாளம் தெரியும்?

கணக்கும் சிறியதுதான். ஹெட்லைட் பல்ப் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். எங்கோ ஒரு மூட்டில் அரை ஓம் தடை இருந்தால் அங்கேயே ஏறக்குறைய 2 வோல்ட் காணாமல் போகும். அதே மூட்டு வழியாகத்தான் காயிலின் மின்னோட்டமும் திரும்புகிறது என்றால் அது இன்னொரு மூன்று, நான்கு ஆம்பியர். காயிலுக்குப் பங்கு கிடைக்குமா? லைட்டைப் போட்டதும் அந்தப் போன்வில் தும்மியது இதனால்தான். அரை ஓமுக்கு மீட்டர் சந்தோஷமாகவே பீப் அடிக்கும்.

ஆகவே சுமையோடு அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இக்னிஷன் ஆன், ஹெட்லைட் ஆன். ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலேயே வையுங்கள், அதன்மேல் மாட்டியிருக்கும் வளையத்தில் அல்ல. மற்ற முனையை என்ஜின் உறையில், பிறகு ஃப்ரேமில், பிறகு ஹெட்லைட் கூட்டில் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 0.2 வந்தால் எனக்கு முகம் சுளிக்கும். 0.5 வந்தால் அங்கே வேலை இருக்கிறது. இதேபோல் மறு பக்கத்தையும் பாருங்கள்: பேட்டரியின் மற்ற முனையிலிருந்து ஃபியூஸ், அம்மீட்டர், இக்னிஷன் ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், காயில் என்று ஒவ்வொரு படியாக. எந்தப் படியில் எண் குதிக்கிறதோ அதுதான் திருடன். பாயின்ட் மூடிய நிலையில் இக்னிஷனை ரொம்ப நேரம் ஆனில் விடாதீர்கள், காயில் கொதித்துவிடும்.

ஹெட்லைட் கூட்டுக்கு எர்த் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தனி வயர் இல்லாத வண்டிகளில் ஸ்டீயரிங் பேரிங் வழியாகத்தான். அதாவது கிரீஸ் தடவிய குண்டுகள் வழியாக. ஹேண்டிலைத் திருப்பினால் லைட் மங்குகிறது என்றால் பல்பை மாற்றாதீர்கள். கூட்டுக்குள்ளிருந்து பேட்டரியின் எர்த் முனை வரைக்கும் தனியாக ஒரு சிவப்பு வயர் இழுங்கள்.

நார்ட்டன் கமாண்டோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் என்ஜின் ரப்பரில் தொங்குகிறது. 'ஐசோலாஸ்டிக்' என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அது அதிர்வை மட்டும் தடுப்பதில்லை, மின்சாரத்தையும் சேர்த்துத் தடுக்கும். என்ஜினுக்கென்று எர்த் வயர் கட்டாயம் வேண்டும். அது விட்டுப்போனால் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். கேபிள் உறை உருகி ஒட்டிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். கேபிள் தரமில்லை என்று மூன்று கேபிள் மாற்றியிருந்தார்கள்.

இப்போது 'சிவப்பு' விவகாரம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் ஃப்ரேமுக்குப் போகும். சிவப்பு வயர் ஃப்ரேமில் முடுக்கியிருப்பதைப் பார்த்து "எவனோ தப்பாக மாட்டியிருக்கிறான்" என்று திருத்திவிடுகிறார்கள். சாமி, தயவுசெய்து திருத்தாதீர்கள்! தலைகீழாக மாட்டிய அந்த நொடியே ரெக்டிஃபையரும், மிகுதி மின்சாரத்தைத் தின்னும் ஸீனர் டயோடும் பேட்டரிக்குக் குறுக்கே திறந்த கதவாகிவிடும். ஃபியூஸ் ஒழுங்காக இருந்தால் அது மட்டும் போகும். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் ஜிகினாத்தாள் சுற்றியிருந்தால் என்னென்ன போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவர்களுக்கு அந்தப் பெட்டியும் சேர்ந்து போகும். நடுவில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டிகளும் உண்டு. ஆகவே வண்டிக்கு வண்டி பார்த்துவிட்டுத்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். இந்த வண்டிகளில் அது பிளஸ். பழக்க தோஷத்தில் மைனஸிலிருந்து தொடங்கினால், ஸ்பேனர் ஃப்ரேமில் பட்ட கணத்தில் பெட்ரோல் டேங்குக்குக் கீழே தீப்பொறி பறக்கும்.

ஃபியூஸ் என்றதும் இன்னொன்று. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருக்கும். அது ஃபியூஸ் அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான், 17 ஆம்பியர் சுமார். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. '35-தானே இருந்தது' என்று 35 பிளேடைச் செருகினால், ஃபியூஸ் சிரித்துக்கொண்டிருக்கும், வயர் எரிந்துகொண்டிருக்கும். 15 போடுங்கள், போதும்.

பல்ப் அடிக்கடி போகிறதா, பேட்டரி நீர் கொதித்து வற்றுகிறதா? அதுவும் பாதி வேளை எர்த்தான். 1960-களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறிய வண்டிகளில் மிகுதி மின்சாரத்தைத் தின்று சூடாக்குவது ஸீனர் டயோடின் வேலை. அதன் அடிப்பாகம் அலுமினியத் தகட்டோடு சுத்தமாக ஒட்டி, அந்தத் தகட்டுக்கு நல்ல எர்த் இருந்தால்தான் தின்ன முடியும். 3000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் போனால் முதலில் அங்கே பாருங்கள். ஆனால் அதன் நட்டைப் பலம் கொண்ட மட்டும் முடுக்காதீர்கள். செம்புத் தண்டு, முறிந்துவிடும். பழைய தகட்டு ரெக்டிஃபையரிலும் தகடுகளைப் பிடித்திருக்கும் நட்டைத் தொடவே கூடாது. வண்டியோடு மாட்டும் நட்டை முடுக்கும்போது போல்ட்டின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், தகடு திரும்பினால் உள் இணைப்பு அறுந்துவிடும்.

ஃபியூஸ் போட்டதும் போகிறது, எங்கே ஷார்ட் என்று தெரியவில்லை என்றால் ஃபியூஸ் டப்பாவைக் காலிசெய்யாதீர்கள். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றை வயர் வைத்து இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழுப் பிரகாசமாக எரியும், வேறொன்றும் எரியாது. இப்போது ஹேண்டிலைத் திருப்புங்கள், டேங்குக்கு அடியில் ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டை, அசையுங்கள், பின் மட்கார்டு பக்கம் அழுத்துங்கள். பல்ப் மங்கும் இடத்தில் டேப்பைப் பிரியுங்கள். என் அனுபவத்தில் ஸ்டீயரிங் கழுத்தில் ஹார்னஸ் மடங்கும் இடம்தான் முதல் குற்றவாளி.

வயர் நுனிகளை ஓர் உலோகக் குழாய்க்குள் செருகி இணைக்கும் புல்லட் கனெக்டர்களைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்தக் குழாய் துருப்பிடித்துவிட்டதென்று வெட்டியெறிந்து, இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றுவதை நிறுத்துங்கள். என்ஜின் சூட்டில் டேப்பின் பசை ஒழுகி, முறுக்கு நெகிழ்ந்து, அடுத்த மழையில் என்னிடம்தான் வருவீர்கள். புதுக் குழாயின் விலை ஒரு டீ காசுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டியை யாரிடம் கொண்டுபோனாலும், என்ன மாற்றினீர்கள், எந்த வரிசையில், மாற்றிய பிறகு என்ன வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பாதி நேரம் எனக்கு அந்த மறைத்ததைத் தேடுவதிலேயே போகிறது. கழற்றிய சாமானையும் எறியாதீர்கள். போன்வில்காரர் தன் அட்டைப்பெட்டியை என் அலமாரியிலேயே விட்டுப் போயிருக்கிறார், அடுத்து வரும் யாருக்காவது உதவட்டும் என்று. போன வாரம் நிஜமாகவே காயில் செத்துப்போன ஒரு பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் வந்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன்.