தப்பும் தப்பும் சேர்ந்தால் சரியாகுமா?

“கன்சல்டிங் நிறுவன நேர்காணலில், ஒரு நகரத்தில் எத்தனை பல் மருத்துவர்கள் இருப்பார்கள் என்று கேட்கிறார்களாம். குத்துமதிப்பாகச் சொன்னால் போதுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போதும், ஆனால் ஒரே அடியாகச் சொல்லக்கூடாது. மக்கள்தொகை 10 லட்சம். ஆளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் பல்லைக் காட்டினால் ஆண்டுக்கு 5 லட்சம் வருகை. ஒரு மருத்துவர் நாளுக்கு 10 பேர் வீதம் 250 நாள் பார்த்தால் 2,500 பேர். வகுத்தால் 200 மருத்துவர்கள்.

நான்கு எண்களுமே ஊகம்தான். ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கூடவோ பாதியாகவோ தவறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விடை 16 மடங்கு பிசகிவிடும் என்று பயம் வரும். எண்ணிப் பாருங்கள்: நான்கு தவறுகளும் சேர 16 வழிகள் உண்டு. அதில் 6 வழிகளில் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை அப்படியே சரியாக வந்துவிடும்! 8 வழிகளில் 4 மடங்கு பிசகு. 16 மடங்கு பிசகுவது 2 வழிகளில் மட்டும். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி இந்த வித்தையில் பேர்போனவர். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையின்போது காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அதிர்வலை அவற்றைச் சுமார் 2.5 மீட்டர் தள்ளியது. அதைக் கொண்டே வெடிப்பின் வலு 10,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்றார். உண்மையில் அது 20,000 டன்னைத் தாண்டியது. காகிதத் துண்டுக்கு இது போதாதா?

ஒரு நிபந்தனை: தவறுகள் தன்போக்கில் இரண்டு பக்கமும் விழ வேண்டும். ‘சந்தை பெரிதுதான்’ என்று முன்கூட்டியே முடிவுகட்டியவர், பெருக்கும் எண்களைக் கூட்டியும் வகுக்கும் எண்களைக் குறைத்தும் வைப்பார். தவறெல்லாம் ஒரே பக்கம் சாயும், 16 மடங்கும் வந்து சேரும். “இந்த 10 எங்கிருந்து வந்தது?” என்று நேர்காணல் செய்பவர் குடைவது இதற்காகத்தான்.

பயிற்சி வகுப்புகளில் சட்டகங்களை, அதாவது கேள்வியைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஆயத்த வடிவங்களை, மனப்பாடம் செய்வது, என்னைக் கேட்டால், பொருள் தெரியாமல் மந்திரம் ஓதுவதுதான். ‘லாபம் ஏன் குறைந்தது?’ என்றால் வரவு, செலவு; வரவை விலை, விற்பனை அளவு என்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் எதுவும் விடுபடாமலும் பிரிக்கத் தெரிந்தால் போதும். எந்த எண் அசைந்தால் விடை அதிகம் அசைகிறதோ, மீதி நேரத்தை அதற்குக் கொடுங்கள்.